வெறும் வண்டிக்குத் தீனி இல்லை

முன்னொரு காலத்தில், காலையில் ஓர் உத்தரவாவது போடாவிட்டால் ராஜாக்களுக்குச் சோறு இறங்காத காலத்தில், ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் தலைநகருக்கும் தெற்கே கடலோரத்து முத்துத்துறைக்கும் இடையே அரசாங்கச் செலவில் மாட்டுவண்டிகள் ஓடின. நடுவே பெருங்காடு. மாடு மாற்ற வழிநெடுகச் சாவடிகள், அங்கே அரண்மனைத் தீனி. ஏழைபாழைகளும் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பொக்கிஷ அதிகாரி சடையப்பருக்கு இது கண்ணை உறுத்தியது. அதைவிட அதிகமாக உறுத்தியவன் அரசவை விகடகவி திருவாழி. முத்துத்துறையில் அவன் அக்காள் பிச்சம்மை நோயில் கிடப்பதும், மறுநாள் வண்டியில் அவன் கிளம்பப் போவதும் சடையப்பரின் காதுக்கு எட்டின.

"மன்னா, இங்கே வரும் வண்டிகள் நிரம்பி வருகின்றன. திரும்பும்போது காலியாகப் போகின்றன. காற்றை இழுக்கும் மாட்டுக்கு நாம் ஏன் தீனி போட வேண்டும்?" என்றார் அவர்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சரி. நிரம்பிய வண்டி மட்டும் ஓடட்டும். வெறும் வண்டிக்குத் தீனி இல்லை."

"இதை நிறைவேற்றும் பொறுப்பைத் திருவாழிக்கே அளிக்கலாம், மன்னா." அக்காளுக்காக அவன் உத்தரவை மீறுவான், வசமாக மாட்டிக்கொள்வான் என்று சடையப்பர் நினைத்தார்.

திருவாழி மீறவில்லை. மறுநாள் வண்டியில் அவனும் ஓர் எண்ணெய் வியாபாரியும்தான் இருந்தார்கள். வியாபாரியை இறக்கிவிட்டுத் தானும் இறங்கி, மாடுகளை அவிழ்த்துக்கொண்டுபோய் அரண்மனை முற்றத்தில் கட்டினான்.

அன்றைக்கே ராஜாவிடம் அக்காளின் நிலையைச் சொல்லியிருந்தால் அவர் தன் ரதத்தையே கொடுத்திருப்பார். திருவாழிக்கும் அது தெரியும். ஆனால் சடையப்பர் பார்க்கக் கெஞ்சுவதா? தவிர, ஒரு ஜோடி மாட்டைக் கட்டினால் யார் சிரிப்பார்கள்? முற்றம் நிறையட்டும் என்று காத்திருந்தான். பாழாய்ப்போன தொழில்புத்தி.

தினமும் வந்த வண்டிகளின் மாடுகளெல்லாம் முற்றத்தில் சேர்ந்தன. ராணியின் பூச்செடிகளை மேய்ந்தன. கடைசியில் வண்டி வரத்தே நின்றுபோனது.

"முத்துத்துறை வண்டிகள் எங்கே?" என்று ராஜா கேட்டார்.

"எல்லாம் இங்கேதான் நிற்கின்றன, மன்னா. வெறுமனே திரும்பக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. அங்கே ஏற ஆள் இருக்கிறது, வண்டி இல்லை. இங்கே வண்டி இருக்கிறது, ஏற ஆள் இல்லை. இரண்டையும் சேர்க்கும் வழியைப் பொக்கிஷ அதிகாரிதான் சொல்லியருள வேண்டும்."

அதற்குள் சபைக்குள் தலையை நீட்டிய காளை ஒன்று சடையப்பரின் பட்டு அங்கவஸ்திரத்தை மெல்லத் தொடங்கியது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலியோ நிறைவோ, வண்டிகள் இருபுறமும் ஓடட்டும் என்றார். மாடுகளுக்கு வைக்கோல் சுமக்கும் வேலை சடையப்பருக்கு, முத்துமாலை திருவாழிக்கு.

முதல் வண்டியிலேயே திருவாழி ஏறினான். முத்துத்துறையில் அக்காள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

"நேத்துத்தான் தம்பி எடுத்தோம். வண்டி வந்தா அவன் வந்துருவான்னு சொல்லிச் சொல்லி உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா. வண்டிதான் வரல."

உத்தரவு சடையப்பரால் வந்தது. முற்றம் நிறையக் காத்திருந்தது மட்டும் யாராலும் அல்ல, தன்னால்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் ஒன்றை மிச்சம் பிடித்திருந்தால்கூட முகத்தைப் பார்த்திருப்பான்.

அவன் திரும்பி வந்தபோது அயல்நாட்டு ராஜா விருந்துக்கு வந்திருந்தார். "திருவாழி, அந்த மாட்டுக் கதையைச் சொல்" என்றார் நம் ராஜா. ஒன்றும் விடாமல் சொன்னான். காளை அங்கவஸ்திரத்தை மென்ற இடத்தில் ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். திருவாழியின் கண்ணிலும் நீர் வந்தது. அவனும் சிரிக்கிறான் என்று எண்ணி, ராஜா இன்னொரு மோதிரத்தையும் கழற்றினார்.