எலுமிச்சம்பழம் தீர்த்த அபசகுனம்

முன்னொரு காலத்தில் குவளை நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் வந்துவிட்டால் ஆணை முந்திக்கொள்ளும், யோசனை பிந்தி வரும்.

அவனுடைய துணிகளை வெளுத்துத் தந்தவள் அங்காயி. அவளும் அவள் தெருவைச் சேர்ந்த இருபது குடும்பங்களும் ஆற்றின் கிழக்குத் துறையை நம்பிப் பிழைத்தார்கள். எந்தக் கறைக்குப் புளிப்பு, எந்தக் கறைக்கு நுரை, எதை வெயிலிடம் விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. உடைக்காப்பாளர் சிங்கபூபதிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கறை போக்குமென்று கப்பலில் வந்த வெள்ளைப் பொடி ஒன்றைச் சிமிழில் வைத்துக்கொண்டு, இதற்கு முன்னால் அங்காயியின் அடுப்படிச் சரக்கு எம்மாத்திரம் என்று சபையில் பேசித் திரிவார்.

வசந்த விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், விழாவுக்கென நெய்து அங்காயி வெளுத்துத் தந்த வெண்பட்டு மேலாடையை அழகு பார்க்க உடுத்திய அரசன், அதோடு விருந்துக்கும் போய்விட்டான். அங்கே நெய் விட்ட பருப்புக் குழம்பு ஒரு துளி மார்பில் சொட்டியது. அவன் கவனிக்கவில்லை, கவனித்தவர்கள் வாய் திறக்கவில்லை. மஞ்சள் கறையைக் கண்ட சிங்கபூபதி, நற்பெயர் வாங்கும் ஆசையில் யாருமறியாமல் தம் பொடியைக் கரைத்துத் தேய்த்தார். கறை போவதற்குப் பதிலாக இரத்தச் சிவப்பாகிவிட்டது. மறுநாள் காலையில் அவரே ஆடையைச் சபையில் விரித்து, சலவைக்காரி அரச உடையில் இரத்தம் படியவிட்டாள், இது பெரும் அபசகுனம் என்று முறையிட்டார்.

அரசனுடைய முகம் கறுத்தது. நாளை மாலைக்குள் கறை நீங்காவிட்டால் அங்காயியின் தெரு முழுவதும் துறையை விட்டு, நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டான்.

அங்காயியைச் சபைக்கு அழைத்து வந்தார்கள். அவள் ஆடையை வாங்கி கறையை விரலால் தடவினாள். வழுவழுப்பாக ஏதோ ஒட்டியது. முகர்ந்தாள், நெய் மணந்தது. அமைச்சர் நல்லாதனார் பக்கம் திரும்பி, எலுமிச்சம்பழம் ஒன்று வேண்டும் என்றாள்.

"ஊறுகாயா போடப்போகிறாய்?" என்றார் சிங்கபூபதி. சபை சிரித்தது.

அவள் கறைமேல் சாற்றைப் பிழிந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கலைந்து வெறும் மஞ்சளாயிற்று. அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தான்.

"இரத்தம் மஞ்சளாக மாறாது, மகாராஜா. இது நெய் மணக்கும் குழம்பின் மஞ்சள். மஞ்சள்தான் சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும். என் கையிலிருந்து போனபோது இந்தப் பட்டில் கறையும் இல்லை, காரமும் இல்லை."

சிங்கபூபதி அதெல்லாம் கண்கட்டு வித்தை என்றார். நல்லாதனார் அவருடைய வெள்ளைத் தலைப்பாகையைப் பணிவோடு கேட்டு வாங்கி, அதில் மஞ்சள் நீர் சில துளி தெளித்து, அவருடைய சிமிழிலிருந்தே ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவினார். தலைப்பாகை செக்கச் சிவந்தது.

மீதி வேலையை அங்காயி பொறுமையாகச் செய்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, நெய்ப்பசையை அலுங்காமல் பிரித்தாள். அடித்துத் துவைக்கவில்லை, முறுக்கவில்லை. பிறகு நந்தவனப் புல்லில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தாள். அரசன் நாழிகைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் மஞ்சள் வெளுத்துக்கொண்டே போனது. மறுநாள் மாலையில் இடம் தெரியாமல் மறைந்தே விட்டது. கப்பல் சரக்கு கெடுத்ததை ஒரு பழமும் ஒரு கொட்டையும் சூரியனும் சேர்ந்து சரி செய்துவிட்டனவே என்று வியந்த அரசன், ஆணையைத் திரும்பப் பெற்றான். கிழக்குத் துறையை அந்த இருபது குடும்பங்களுக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தான். சிங்கபூபதி ஓராண்டு அதே துறையில் துணி உலர்த்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அத்தோடு விட்டானா? "சரி, குழம்பைச் சிந்தியவன் யார்? அவனுக்கும் தண்டனை உண்டு" என்றான்.

அங்காயி கைகூப்பினாள்.

"கறை சொன்னதை அப்படியே சொல்கிறேன், மகாராஜா. துளி மார்புக்கு நேரே விழுந்து கீழ்நோக்கி வழிந்திருக்கிறது. கிடக்கும் துணியில் அப்படி வழியாது. உடுத்தியவர் உட்கார்ந்து உண்டபோது விழுந்தது அது. இந்தப் பட்டை உடுத்தும் உரிமை நம் நாட்டில் எத்தனை பேருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியாது."

அரசன் தன் மார்பைக் குனிந்து பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "தண்டனையையும் நீயே சொல்லிவிடு, அங்காயி."

"இலைக்கு இன்னும் கொஞ்சம் குனிந்து உண்டால் போதும், மகாராஜா."

வசந்த விழா விருந்தில் விசயகண்டன் முதுகை நன்றாக வளைத்து உட்கார்ந்தான். அதைக் கண்டு சபை முழுவதும் வளைந்து உட்கார்ந்தது.