தேசிங்குவின் இடுப்பு

தேசிங்குவுக்கு நாற்பத்திரண்டு வயது. இடுப்பு இருபத்தெட்டரை இன்ச். இரண்டையும் யாரும் கேட்காமலே சொல்வார்.

வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை. நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்குவார், ஸ்ட்ரெச்சர் தள்ளுவார், எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார். மற்ற நேரமெல்லாம் உடம்பு. மாவட்ட ஆணழகன் போட்டியில் நாலு முறை முதல் பரிசு. அகன்ற தோளும் அதற்குக் கீழே சட்டென்று ஒடுங்கும் இடுப்புமாக அவர் மேடையில் முதுகைக் காட்டித் திரும்பினால் கூட்டம் விசிலடிக்கும்.

ஒருநாள் ஒரு பாட்டியைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைத்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. பாட்டி நாற்பது கிலோகூட இருக்கமாட்டார். தேசிங்கு நான்கு நாள் படுக்கையில் கிடந்தார். ஐந்தாம் நாள் பிசியோதெரபி டாக்டர் ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார்.

"சத்துவாச்சாரியில ஜெபராணின்னு ஒரு பளுதூக்குற கோச் இருக்காங்க. போய்ப் பாருங்க."

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. கண்ணாடி ஒன்றுகூட இல்லை. அதுதான் தேசிங்குவுக்கு முதலில் கண்ணில் பட்டது. ஜெபராணிக்கு முப்பத்தொரு வயது, குள்ளம். தோளும் இடுப்பும் ஒரே அகலம்.

"சொல்லுங்கண்ணா."

அவர் முதுகைச் சொன்னார். போட்டிகளைச் சொன்னார். இடுப்பு அளவையும் சொன்னார்.

ஜெபராணி மூலையிலிருந்து ஒரு பெயிண்ட் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். நிறைய ஆற்று மணல்.

"ஒரு கையில எடுங்க. அந்தச் சுவர் வரைக்கும் போய்ட்டு வாங்க. நேரா நடக்கணும்."

தேசிங்கு சிரித்தார். நூறு கிலோ தூக்கிய கை அது. வாளியை எடுத்தார். நாலாவது அடியில் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. எட்டாவது அடியில் வாளி முழங்காலில் இடித்தது. சுவரைத் தொடும்முன் கீழே வைத்துவிட்டார்.

ஜெபராணி அதே வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து போய், நிமிர்ந்து திரும்பினார்.

"உங்களுக்கு எங்க வலிக்குது?"

தேசிங்கு தொட்டுக் காட்டினார். வாளியைப் பிடித்தது வலது கை. வலித்ததோ இடது விலாவுக்குக் கீழே.

"சுமை இந்தப் பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் ஏன் மேடம் வலிக்குது?"

"அந்தப் பக்கம்தான் உங்களை நிமிர்த்திப் பிடிக்குது. அங்க உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

இருபது வருஷ உடம்பைப் பார்த்து அப்படிச் சொன்னது அவருக்குச் சுட்டது. மறுநாள் காலை ஐந்தரைக்கு வந்து நின்றார்.

வாளி நடை. ஒரு கையில் இரும்புத் தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்தல். கயிற்றில் கட்டிய எடை பக்கத்திலிருந்து இழுக்க, அசையாமல் நிற்றல். கொட்டகையில் மற்றவர்கள் தலைக்கு மேல் பளு தூக்கிக்கொண்டிருக்க, தேசிங்கு மணல் வாளியோடு சுவருக்கும் வாசலுக்கும் போய்வந்தார். ஒரு மாதத்தில் முதுகு வலி போனது. இரண்டாம் மாதம் வாளிக்கு மேல் பத்துக் கிலோ தட்டு ஒன்றை வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, வந்தவர் வாளியைத் தொடவில்லை. பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார்.

"மேடம், இருபத்தொன்பதரை."

"சரி."

"ஒரு இன்ச் ஏறியிருக்கு. வயிறு இல்ல, இது தசை. பக்கவாட்டுல ஏறுது."

"ஆமா."

"பக்கத் தசைக்கு எடை போட்டா இடுப்பு பெருக்கும்னு எங்க ஆளுங்க எல்லாரும் சொல்வாங்க. நான் அதைத் தொட்டதே இல்ல."

"பெருக்கும். எல்லாருக்கும் இவ்வளவு ஏறாது. உங்க உடம்புக்கு ஏறுது."

ஜெபராணி மறுப்பார் என்று தேசிங்கு எதிர்பார்த்திருந்தார்.

"எடையில்லாமப் பண்ணா?"

"பெருக்காது. பிடிக்கவும் பிடிக்காது."

"போட்டிக்கு ஒன்பது வாரம்தான் இருக்கு மேடம். பலம் வேணுமா, வடிவம் வேணுமான்னு நீங்களே சொல்லுங்க."

ஜெபராணி கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இருபத்தொரு வயசுல என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அக்கா ரவிக்கை தைக்கணும்னு அளவு கேட்டாங்க. சொன்னேன். பொண்ணுக்கு இடுப்பு உரல் மாதிரியில்ல இருக்குன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க? முகத்துக்கு நேராவா?"

"நேராத்தான். எங்கம்மா அழுதுட்டாங்க. அவங்க காபி குடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை போன்ல முடிவு சொல்றோம்னு கிளம்பினாங்க."

"என்ன முடிவு சொன்னாங்க?"

"தெரியாதுண்ணா. ஞாயித்துக்கிழமை நான் தொண்ணூத்திரண்டு கிலோ தூக்கிட்டிருந்தேன்."

தேசிங்கு டேப்பைச் சுருட்டினார். அன்று அவர் வாளியை எடுத்தாரா என்று ஜெபராணி திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்தார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அது நடந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி நோயாளி ஒருவரை ஸ்கேனுக்குக் கீழே இறக்கவேண்டும். லிஃப்டில் சர்வீஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்கேன் உடனே வேண்டும் என்றார் டாக்டர். நோயாளி லாரி செட் வைத்திருந்தவர், நூற்றுப்பத்துக் கிலோ. ஊசி போட்டிருந்ததில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கைப்பிடி ஸ்ட்ரெச்சரில் பட்டை போட்டுக் கட்டினார்கள். தலைப்பக்கம் தேசிங்கு. கால்பக்கம் அன்வர், அவருடைய கூட்டாளி. அன்வர் பின்பக்கமாகக் கால் துழாவி ஒவ்வொரு படியாக இறங்கினார். நோயாளியின் மனைவி பிளாஸ்க்கைப் பிடித்தபடி தேசிங்குவுக்குப் பின்னால் வந்தார்.

திருப்பத்தில் அன்வரின் செருப்பு வழுக்கியது. ஒரு முழங்கால் படியில் மோதியது. விழாமலிருக்க வலது கை தானாகக் கைப்பிடியை விட்டுப் படிக்கம்பியைப் பிடித்தது.

ஸ்ட்ரெச்சர் தேசிங்குவின் இடது பக்கம் புரண்டது. நூற்றுப்பத்துக் கிலோவும் அந்த ஒரு பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் திறந்த மாடிப்படிக் கம்பி, அதற்குக் கீழே ஒன்றரை மாடிப் பள்ளம்.

தேசிங்குவின் கை முறுகியது. கால் அசையவில்லை. வலது விலாவுக்குக் கீழே ஏதோ பூட்டுப் போட்டது மாதிரி இறுகியது. சாய்ந்த ஸ்ட்ரெச்சர் அதற்குமேல் சாயாமல் நின்றது. பிறகு, மெதுவாக, ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை என்று சமனுக்கு வந்தது.

"அன்வரு," என்றார் தேசிங்கு. குரலை உயர்த்தவில்லை. "எழுந்திரு. பிடி."

அன்வர் எழுந்து பிடித்தார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா நின்னுட்டீங்க? சீக்கிரம் போங்க," என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து.

"இதோம்மா," என்றார் தேசிங்கு.

ஸ்கேன் அறை வாசலில் இறக்கி வைத்தபோது நோயாளி லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆணழகன் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எண்ணெய் பூசிய உடம்புகளின் வரிசையில் தேசிங்கு நின்றார். இத்தனை வருஷமும் மேடையேறியதும் முதல் வேலையாக மூச்சை இழுத்து இடுப்பை உள்ளே ஒடுக்குவார். அன்று ஒடுக்கவில்லை. திரும்பச் சொன்னதும் திரும்பினார். கையைத் தூக்கி, இரண்டு விலாவுக்கும் கீழே வரிவரியாக ஏறியிருந்ததைக் கூட்டத்துக்கு நன்றாகக் காட்டினார். பின்வரிசையில் ஆஸ்பத்திரி ஆட்களோடு உட்கார்ந்திருந்த அன்வர் மட்டும் எழுந்து நின்று, கை சிவக்கத் தட்டினார்.

ஐந்தாம் இடம்.

முடிந்ததும் மூத்த நடுவர் அவரைத் தனியாக அழைத்தார். தேசிங்குவை முதல் போட்டியிலிருந்தே பார்த்துவருபவர்.

"இடுப்பு கனத்துப் போச்சேப்பா. சைடுக்கு எடை போடுறியா?"

"ஆமா சார்."

"யார் சொல்லி? அந்த வடிவத்துக்காகத்தானே உனக்குக் கூட்டம்? இன்னிக்கே விட்டுடு. அடுத்த வருஷம் முதல் இடம் உனக்குத்தான்."

தேசிங்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார். பஸ்ஸில் ஏறி, நேராகச் சத்துவாச்சாரியில் இறங்கினார். கழுத்தில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

மாலைப் பயிற்சி முடிந்து, ஜெபராணி தட்டுகளை எடை வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் இடம் மேடம்."

"ம்."

"பக்கத்தை விட்டா அடுத்த வருஷம் முதல் இடம்னு நடுவர் சொல்றார்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். ஆறு மாசம் எடையைத் தொடாம இருந்தீங்கன்னா பழைய இடுப்பு வந்துடும்."

தேசிங்கு ஒரு தட்டை எடுத்து அடுக்கில் வைத்தார். பிறகு மாடிப்படியில் நடந்ததைச் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. செருப்பு வழுக்கியது, அன்வரின் கை விட்டது, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளம் எல்லாம் சொன்னார். சொல்லும்போதே வலது கை தானாக விலாவுக்குக் கீழே போனது.

ஜெபராணியின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"அந்த நோயாளி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல மேடம். அவருக்குத் தெரியவே தெரியாது. கடைசி வரைக்கும் தூங்கிட்டுத்தான் இருந்தார்."

ஜெபராணி தட்டைக் கீழே வைத்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக, தேசிங்குவை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தார்.

"அப்படித்தாண்ணா தூக்கணும்."