காசிமாயன் தொலைத்த ஒன்பதரை மணி நேரம்

மூணுகிணத்துப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஒருமுறை நர்சம்மா ஊருக்கு வந்து, "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே கொதிக்க வைத்தது. கொதிக்கிறபோதே குடித்தது. அப்புறம் ஒரு வாரத்துக்கு ஊரில் ஒரு சண்டை இல்லை, ஒரு வசவு இல்லை. நாக்கு வெந்தவர்கள் எப்படித் திட்டுவது? ஆறவைக்கணும் என்று நர்சம்மா ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஊரிலிருந்து நாலு பேர் கடல் தாண்டி ஒரு குளிர்நாட்டுக்குப் படிக்கப் போனார்கள். காசிமாயன், அவனுடைய மாமன் மகன் ஒச்சப்பன், ஒச்சப்பனுக்கு அக்காள் அன்னக்கொடி, கூட்டாளி சிவனாண்டி. நாலு பேருக்கும் ஒரே வாடகை வீடு. இவர்களில் ஒச்சப்பன் ஊரிலிருந்தபோதே ரேஷன் கார்டு விண்ணப்பத்தைத் தனியாளாக நிரப்பியவன். கார்டு வரவில்லை. ஆனாலும் நிரப்பினான் இல்லையா, அதனால் எழுத்து வேலை எதுவென்றாலும் அவன்தான் தலை.

காசிமாயன் எடுத்தது ஃபிரிட்ஜ் ரிப்பேர் படிப்பு. ஓராண்டில் முடிய வேண்டியது. முடித்தும் இருப்பான். கல்லூரி வாசலில் ஒரு பலகை இருந்ததுதான் வினை. "சளி, தும்மல், மூக்கொழுகல் உள்ளவர்கள் வகுப்புக்கு வர வேண்டாம்" என்று அதில் எழுதியிருந்தது. ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த காசிமாயன் மூக்கு சித்திரையில்தான் நின்றது. தினமும் காலையில் குளித்து, தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிற்பான். மூக்கைப் பார்ப்பான். பையைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான்.

பாதிப் படிப்பு அப்படியே போயிற்று. கல்லூரிக்காரர்கள் நல்லவர்கள், இன்னும் ஒரு வருசம் படித்துக்கொள் என்றார்கள். ஆனால் அங்கே தங்கிப் படிக்க அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த பர்மிட் ஆகஸ்டு முடிய மட்டும்தான். நீட்டிப்புக் கேட்டு ஆகஸ்டு ஒன்றாம் தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

காசிமாயன் எந்த முகத்தோடு திரும்பிப் போவான்? ஊர் பஸ் ஸ்டாப்பில் அவன் படம் போட்டு ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். 'படிப்பை முடித்து வெற்றியோடு திரும்பும் ஃபிரிட்ஜ் சிங்கமே, வருக!' என்று. அவன் விமானம் ஏறிய அன்றே வைத்துவிட்டார்கள். முடிக்காமல் போய் அதே ஃபிளக்ஸுக்குக் கீழே பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும் என்றால்?

"பயப்படாத மாப்ள" என்றான் ஒச்சப்பன். "விண்ணப்பத்துல என்ன சொல்லியிருக்கோ அத அப்படியே செஞ்சா முடிஞ்சது. நமக்கென்ன புதுசா?"

முதலில் போட்டோ. 'முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது' என்று விதி. காசிமாயனோ கேமராவைப் பார்த்தாலே பல்லைக் காட்டுகிறவன். போட்டோக்காரர் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. அன்னக்கொடி ஒரு யோசனை செய்து அவன் காதருகே குனிந்து, "காசி, ஒன் செவலை ஆடு செத்துப்போச்சாம்" என்றாள். காசிமாயன் ஓவென்று அழுதான்.

"அழவும் கூடாது" என்றார் போட்டோக்காரர்.

"சும்மா சொன்னேன்டா, ஆடு இருக்கு" என்றாள். பழையபடி பல் வெளியே வந்தது.

சிவனாண்டி ரொம்ப நேரம் தாடையைத் தேய்த்துவிட்டுக் கேட்டான். "அக்கா, நெசமா ஆடு இருக்கா இல்லையா?"

"அது யாருக்குத் தெரியும்? நானும் இங்கதான இருக்கேன்" என்றாள் அன்னக்கொடி.

காசிமாயன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான். அந்த நொடியில் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார். அத்தனை சுத்தமான முகம் அந்தக் கடையில் அதுவரை விழுந்ததில்லையாம்.

அடுத்துதான் பெரிய கண்டம். 'கடந்த பத்தாண்டுகளில் எங்கெங்கே இருந்தீர்கள் என்று எழுதவும். சிறு இடைவெளியும் இருக்கக் கூடாது.'

ஒச்சப்பன் அந்த வரியை மூன்று முறை சத்தமாகப் படித்தான். மூன்று முறையும் அது மாறவில்லை. அதனால் எழுத ஆரம்பித்தார்கள். மூணுகிணத்துப்பட்டி வீடு, சித்தி வீடு, கல்யாணத்துக்குப் போய்ப் படுத்த மண்டபம், பஸ் தவறி உட்கார்ந்திருந்த டீக்கடை பெஞ்சு, எதையும் விடவில்லை. நினைவில்லாத இடத்துக்கெல்லாம் காசிமாயன் அம்மாவுக்கு போன் போட்டான்.

"அம்மா, எட்டு வருசத்துக்கு முந்தி ஆடி மாசம் ரெண்டாம் வெள்ளிக்கிழமை நான் எங்கம்மா இருந்தேன்?"

"கட்டிலுக்கு அடியில. அடுத்த வீட்டுக் கூரை ஓட்ட ஒடச்சுப்போட்டு அங்கதான பதுங்கிக் கெடந்த. இப்ப எதுக்குடா அது?"

"அரசாங்கம் கேக்குது."

"ஒரு ஓட்டுக்கா!" என்றாள் அம்மா.

கட்டிலுக்கு அடி என்று எழுதிக்கொண்டார்கள். இப்படியே அறுபத்தோரு பக்கம் ஆயிற்று. கடைசியில் விமானம் ஏறிய நாளுக்கு வந்து சேர்ந்தார்கள். 'இருக்கை நாற்பத்தொன்று சி, நடுவானம்' என்று எழுதிவிட்டு, நேரத்தைக் கூட்டிப் பார்த்த ஒச்சப்பன் பேனாவைக் கீழே வைத்தான்.

"மாப்ள, காலையில நாலு மணிக்கு ஏறியிருக்க. அன்னைக்கே சாயங்காலம் நாலரைக்கு இங்க எறங்கியிருக்க. கணக்குக்குப் பன்னெண்டரை மணி நேரம். ஆனா டிக்கெட்டுல பயணம் இருபத்திரண்டு மணி நேரம்ண்டு போட்டுருக்கு. மிச்சம் ஒன்பதரை மணி நேரம் எங்க?"

காசிமாயன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். அங்கே வெறும் பஸ் டிக்கெட்டுதான் இருந்தது.

ஒரு நாட்டில் விடியும்போது இன்னொரு நாட்டில் சாயங்காலமாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு இவர்கள் நாலு பேரும் வெளியே முட்டிபோட்டு நின்றிருக்க வேண்டும். உள்ளே வா என்று யாரும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்திருப்பார்கள்.

"விமானத்துல தூங்குனியா?" என்றான் சிவனாண்டி.

"தூங்குனேன்."

"அதான். எவனோ அடிச்சுட்டான்."

அன்னக்கொடி விசாரணையைக் கையில் எடுத்தாள். "பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

"கண்ணாடி போட்ட ஒரு பெரியவரு, மதினி."

"எறங்கயில எப்படி எறங்குனாரு?"

"எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு அவசரமா எறங்குனாரு."

"அப்ப அவரு இல்ல. ஒன்பதரை மணி நேரத்தக் கூடுதலாக் கையில வச்சிருக்கவன் எதுக்கு அவசரப்படுறான்?"

மூன்று பேரும் அவளுடைய மூளையை நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒச்சப்பன் மட்டும் தன்னுடைய பயணத்தையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்து வெளிறிப் போனான். ஆனால் மாப்பிள்ளை வேலை முதலில் முடியட்டும் என்று சொல்லாமல் விழுங்கிவிட்டான். பெருந்தன்மைக்காரன்.

விண்ணப்பம் போட இரண்டே நாள்தான் இருந்தது. விமான நிலையத்தில் தொலைந்த பொருளுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. ஒச்சப்பன் அங்கே போன் போட்டான். எடுத்தது ஒரு பொம்பளைப் பிள்ளை. பேச்சு இங்கிலீசில் நடந்தது, சாரம் இது.

"என்ன தொலைச்சீங்க?"

"ஒன்பதரை மணி நேரம்."

"எவ்வளவு நேரமாத் தேடுறீங்கன்னு கேக்கல. என்ன பொருள்?"

"பொருளே அதுதாம்மா."

அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒரு படிவம் இருக்கும்போல. அதில் உள்ள கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது என்று அதற்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

"என்ன நிறம்?"

ஒச்சப்பன் போனைப் பொத்திக்கொண்டு காசிமாயனைக் கேட்டான். காசிமாயன் கண்ணை மூடி யோசித்தான். "ஜன்னல எல்லாம் சாத்தியிருந்தாக. கறுப்பாத்தான் இருந்துச்சு."

"கறுப்பு" என்றான் ஒச்சப்பன்.

தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை என்றும், கிடைத்தால் சொல்லி அனுப்புவோம் என்றும் மறுநாள் கடிதம் வந்தது. இடைவெளி அப்படியே வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. விடிந்தால் கடைசி நாள்.

விடிந்தும்விட்டது. காசிமாயன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினான். ஊருக்குத் திரும்பி வருகிறேன், அந்த ஃபிளக்ஸைக் கழற்றிவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று புரியாமலே அம்மாவுக்கு போன் போட்டான்.

"என்னடா ராசா, சாப்பிட்டியா?"

"இப்பத்தானம்மா விடிஞ்சிருக்கு. ஏழு மணி."

"ஏழா? இங்க சாயங்காலம் நாலரைடா. மாட்டத் தண்ணிக்கு விட்டுட்டு இப்பத்தான் வாரேன்."

காசிமாயன் விரலை மடக்கினான். கை விரல் பத்தில் ஒன்பதை மடக்கி, பத்தாவதைப் பாதியில் நிறுத்தினான்.

"மச்சான்! எங்கிட்ட ஏழு மணிதான் இருக்கு. எங்கம்மாகிட்ட ஒன்பதரை மணி நேரம் கூட இருக்கு!"

"அத்தையா எடுத்துச்சு?"

"எடுக்கல மச்சான். வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். அம்மா, என்னோட சாமான் ஏதாச்சும் அங்க இருக்கா?"

"எல்லாம் இங்கதான கெடக்கு" என்றாள் அம்மா. "நீ என்னத்த எடுத்துக்கிட்டுப் போன? துண்டக்கூட மறந்துட்டுப் போனவன்தான."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்த ஒன்பதரை மணி நேரத்துக்கு நேராக 'அம்மா வீடு, மூணுகிணத்துப்பட்டி' என்று ஒச்சப்பன் எழுதினான். இடைவெளி மூடிக்கொண்டது. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. காசிமாயன் பேனாவைத் தானே வாங்கி எழுதினான்: "என்னுடைய ஒன்பதரை மணி நேரம் ஊரில் என் அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. அதை வாங்க நான் போயே ஆக வேண்டும்."

விண்ணப்பம் அன்றே போயிற்று. கார்த்திகை மாசம் பனி கொட்டும்போது பதில் வந்தது. அதைப் படித்த அதிகாரி என்ன பாடுபட்டாரோ, யாரிடம் காட்டினாரோ, தெரியாது. பர்மிட்டை இன்னும் ஒரு வருசம் நீட்டித்துவிட்டார். நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அன்னக்கொடி கேசரி கிண்டினாள்.

கேசரியைத் தின்றுகொண்டேதான் ஒச்சப்பன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தான். 'அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, இருந்த இடங்களைத் தயவுசெய்து மிகச் சுருக்கமாகத் தரவும்.'

"சுருக்கமாண்டா எம்புட்டு?" என்றான் சிவனாண்டி.

"ஒரே வரி" என்றான் ஒச்சப்பன்.

"ஒரே வரியா எழுதணும்ண்டா ஒரே எடத்துல இருக்கணும்" என்றாள் அன்னக்கொடி.

காசிமாயன் கையிலிருந்த கேசரியை வைத்துவிட்டு, வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அன்றிலிருந்து அவன் வீட்டு வாசல்படியைத் தாண்டவில்லை. கல்லூரி வேறு தெருவில் இருந்தது. போனால் இரண்டாவது வரி வந்துவிடும். வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கல்லூரியிலிருந்து கேட்டார்கள். பர்மிட் வேலையாக இருப்பதாகப் பணிவோடு பதில் அனுப்பினான். படிப்பு எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டாள்.

"படிக்க எங்கம்மா நேரம்? பர்மிட்டப் பாத்துக்கவே சரியா இருக்கு."

மார்கழி, தை, மாசி போயிற்று. காசிமாயன் அசையவில்லை. எழுத வேண்டியது ஒரே வரி, ஒரு நொடி பிசகில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பனிக்காலம் முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டில் உள்ள எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள். போனில் அது தானாக மாறிக்கொள்ளும். சுவர்க்கடிகாரத்தை நாம்தான் மாற்ற வேண்டும். முந்தின வருசம் இவர்கள் சுவர்க்கடிகாரம் மக்கர் பண்ணுகிறது என்று பேட்டரியை மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். இந்த வருசம் அப்படி இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரில் மணி ஏழு. போனில் மணி எட்டு. காசிமாயன் போட்ட அலறலில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"மச்சான், ஒரு மணி நேரத்தக் காணோம்! நான் வாசப்படியக்கூடத் தாண்டலையே!"

கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். சிவனாண்டி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தான். அங்கே ஒரு கரண்டி கிடைத்தது. கடைசியில் ஒச்சப்பன் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை எடுத்து, விமான நிலையத்து நம்பரைப் போட்டான். எடுத்தது அதே பிள்ளை.

"ஓ, நீங்களா! அந்த ஒன்பதரை மணி நேரம் கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா, எங்க அத்தைகிட்ட இருக்கு. இது வேற. ஒரே ஒரு மணி நேரம். வீட்டுக்குள்ளயே தொலஞ்சுபோச்சு."

"வீட்டுல தொலைஞ்சதை எதுக்கு ஏர்போர்ட்டுல கேக்குறீங்க?"

ஒச்சப்பன் பொறுமையாக விளக்கினான். "போன தடவ ஏர்போர்ட்டுல தொலச்சோம், வீட்டுல இருந்துச்சு. இந்தத் தடவ வீட்டுல தொலச்சிருக்கோம். அப்ப அங்கதான இருக்கணும்?"

மறுமுனையில் ஒவ்வொரு மேசை டிராயராக இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.