விரிசல் விட்ட உத்தரம்

ஒரு ஊர்ல ஒரு குட்டிக் கல்லுக்கோயில் இருந்துச்சாம். ம் சொல்லிக்கிட்டே கேக்கணும், சரியா? எட்டே எட்டுத் தூண். யாளி, கிளி, கொடி, வயித்தத் தட்டித் தாளம் போடுற குள்ளபூதம்னு தூண் பூராவும் செதுக்கியிருக்கும். கைய உசத்துனா கூரையத் தொட்டுரலாம், அவ்ளோ சின்ன மண்டபம்.

எல்லாம் தாண்டவாசாரி செதுக்குனது. அவர் பொண்டாட்டி பேரு உமையா. வாசல்ல நிக்கப்போற காவக்காரச் சாமி மட்டும் பாக்கி. ஏழு மாசமா செதுக்கி, அப்பத்தான் கிரீடத்துல கடைசிப் பூவ முடிச்சு, மண்டபத்துலயே படுக்க வச்சிருந்தாரு.

அப்போ ஒருநாள் மத்தியானம் ஏரி உடைஞ்சிருச்சு! திபுதிபுன்னு தண்ணி. கோயில் மேட்டுல இருந்துச்சா, நாப்பது பேரு ஓடியாந்து உள்ள ஏறிக்கிட்டாங்க. சுத்தியும் வெள்ளம்.

அப்போ மேல... "டக்"!

உமையா அண்ணாந்து பாத்தா. கூரையத் தாங்குற நடு உத்தரம், அவ்ளோ பெரிய கல்லு, குறுக்கால விரிசல் விட்டிருக்கு. வெளிய போனா வெள்ளம். உள்ள இருந்தா கூரை.

"முட்டுக் குடுங்க!"ன்னாரு ஆசாரி. பனங்கட்டைய நிறுத்துனாங்க. மடார்! ரெண்டா முறிஞ்சுது. அப்புறம் கல்லு மேல கல்லா அடுக்குனாங்க. சடசடன்னு சரிஞ்சுது. விரிசல்ல இப்ப விரலே போகுது.

உமையா கீழ படுத்திருந்த சாமியப் பாத்தா. "இவர நிறுத்துங்க."

"ஒரு முழம் உசரம் கூட இருக்குடி."

"கிரீடம் ஒரு முழந்தானே?"

ஆசாரி குனிஞ்சாரு. கிரீடத்த ஒருதரம் தடவிப் பாத்தாரு. அப்போ ஒரு கைக்கொழந்த வீல்னு அழுதுச்சு. உளிய எடுத்துட்டாரு.

ணங்! அந்த அதிர்வுல மேலேருந்து பொலபொலன்னு தூசி. ணங்! உத்தரம் ஒரு விரக்கடை இறங்குச்சு. இன்னொரு அடிக்குக் கூரை வந்துருமோ? பல்லக் கடிச்சுக்கிட்டு அடிச்சாரு. ணங்! கிரீடம் உருண்டு போச்சு.

"தூக்குங்க!" ஆம்பள பொம்பள எல்லாரும் கைபோட்டு நிமித்துனாங்க. இடுக்குல ஆப்பு அடிச்சாரு. உத்தரம் கிர்ர்ர்ருன்னு சாமி தலையில உக்காந்துச்சு.

ம்? முழிச்சிருக்கியா?

நின்னுருச்சு கண்ணு. விடியறதுக்குள்ள வெள்ளமும் வடிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் ஊர்க்காரங்க, "வேற தூண் வச்சுட்டு, இவர வாசலுக்கு மாத்திரலாமா?"ன்னு கேட்டாங்க.

ஆசாரி உடைஞ்ச தலையவே பாத்துக்கிட்டு நின்னாரு. கண்ணு கலங்கிருச்சு. "வேணாம். காவலுக்குத்தான செஞ்சேன்? காத்துட்டாரு. நிக்கட்டும்"னாரு.

இப்பவும் திருவிழான்னா, அந்தச் சாமி நெத்தியச் சுத்திப் புதுத்துண்டுல முண்டாசு கட்டிட்டுத்தான் நடையத் தொறப்பாங்களாம்.

கதை கோயிலுக்குப் போயிருச்சு, நீ தூக்கத்துக்குப் போ.