யார் கையில் யார் தண்ணீர்

கப்பலில் ஆசிரமம் கிடையாது. குரு என்று யாரையும் அங்கே வேலைக்கு எடுப்பதுமில்லை. ஆனாலும் நடுக்கோடையில் பாரசீக வளைகுடாவில் நங்கூரம் போட்டு நின்றிருந்த ஒரு சரக்குக் கப்பலில் குரு ஒருவர் இருந்தார். பெயர் அமலி ரொட்ரிகோ. தூத்துக்குடிப் பெண்மணி. இன்ஜின் அறைக்குத் தலைமை இன்ஜினியர். எல்லோரும் அவரை சீஃப் என்பார்கள். முகத்துக்கு நேரே குரு என்று யாராவது சொல்லியிருந்தால் கையிலிருக்கும் ஸ்பானரைக் காட்டியிருப்பார்.

சீடன், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த செகண்ட் இன்ஜினியர் தில்லைநாயகம். பரங்கிப்பேட்டைக்காரன். அமலியைவிட ஒரு வயது மூத்தவன் வேறு. ஆகவே தன்னைச் சீடன் என்று அவன் நினைத்துக்கொண்டதே இல்லை. ஆனால் கேள்வி அவனிடம்தான் இருந்தது. கேள்வி யாரிடம் இருக்கிறதோ அவனைத்தான் சீடன் என்று நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாயகம் இந்தக் கப்பலுக்கு வந்தபோதே பெட்டியில் ஒரு வெப்பமானி கொண்டுவந்தான். காற்றின் சூடு, ஈரம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கருவி. அதை ஒவ்வொரு அறையாக மாட்டிப் பார்த்தான். எண் ஏறினால் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அழைத்தான். வேலை பாதியில் நிற்கும். ஆட்கள் முணுமுணுத்தபடி வருவார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் அவனுக்கு 'மீட்டர் சார்' என்று பெயர். அது அவனுக்கும் தெரியும்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடப் போவான். வீட்டுக்குப் பேசினால், "நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். கப்பலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவன் தனியாக இருந்தான்.

ஒருநாள் மதியம், இன்ஜின் அறையை ஒட்டி இருக்கும் ஏசி போட்ட கட்டுப்பாட்டு அறையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"சீஃப், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க நாயகம்."

"ஒருத்தன் சூட்டுல விழப்போறான்னு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"உங்க மீட்டர் என்ன சொல்லுது?"

"அறை எவ்வளவு சூடுன்னு சொல்லுது. ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"ஆளையே கேட்டா?"

 நாயகம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போன கப்பல்ல கேட்டேன் சீஃப். செல்லக்கண்ணுன்னு ஒரு ஆயில்மேன். நாகப்பட்டினம் பக்கம். பாய்லருக்குப் பின்னாடி வேலை. நான் இதே மாதிரி ஒரு ரூம்ல உக்காந்துகிட்டு போன்ல கேட்டேன். எப்படிடா இருக்கேன்னு. நல்லாயிருக்கேன் சார்னான். திரும்பக் கேட்டேன். நல்லாயிருக்கேன் சார்னான். அதுக்கப்புறம் கேட்டப்போ பதில் இல்ல."

"பெறவு?"

"கரைக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டான்."

"உங்களை யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல."

அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது ஒருவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பான்.

"ஏன் சீஃப் அவன் பொய் சொன்னான்?" என்றான். "முடியலைன்னு சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேனே."

அமலி பதில் சொல்லவில்லை. எழுந்து போய் தேநீர் போட்டு ஒரு டம்ளரை அவன் முன்னால் வைத்தார். நாயகத்துக்கு மனம் கசந்தது. இவரும் எல்லோரையும் போலத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிரவு சமையற்காரர் ஆசையாகச் சுறாப்புட்டு செய்தார். உப்பு அள்ளிப் போட்டுவிட்டார். சாப்பாட்டு அறையே சிரித்தது. கடைசியாகச் சாப்பிட வந்த நாயகம்கூட ஒரு வாய் வைத்துவிட்டு லேசாகச் சிரித்தான்.

மறுநாள் காலை ஒரு வேலை வந்தது. எண்ணெயைச் சுத்திகரிக்கும் அறையில் நீராவிக் குழாய் ஒன்று கசிந்தது. இன்ஜின் அறையிலேயே அடுப்படி மாதிரி இருக்கும் இடம் அதுதான். குழாய் பழுது பார்க்கும் ஃபிட்டர் நூர்தீனும் ஆயில்மேன் கொளஞ்சியும் உள்ளே போக வேண்டும். நாயகம் மேற்பார்வை.

கட்டுப்பாட்டு அறை மேசையில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி, தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. நூர்தீன் தன்னுடையதை எடுக்கப் போனார்.

"அதை வச்சிருங்க," என்றார் அமலி. "நீங்க கொளஞ்சியோடதை எடுங்க. கொளஞ்சி உங்களோடதை எடுக்கட்டும்."

"எதுக்கு சீஃப் மேடம்?"

"இனிமே இங்க யாரும் தன் தண்ணியத் தன் கையால எடுத்துக் குடிக்கக் கூடாது. தாகம்னா மத்தவன்கிட்ட போய்க் கேக்கணும். குடுக்கிறவன் மூஞ்சியப் பாக்கணும். நேத்து ராத்திரி என்ன சாப்பாடுன்னு கேக்கணும். சரியாச் சொன்னா தண்ணி. முழிச்சான்னா தண்ணியும் குடுத்து, ரெண்டு பேரும் வெளிய வந்துரணும்."

கொளஞ்சி சிரித்துவிட்டான். "நேத்து சாப்பாட்டைச் செத்தாலும் மறக்க முடியாதுங்க மேடம்."

நாயகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மனிதன் செத்துப்போன கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டால், இவர் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி ஏதோ சொல்கிறாரே என்று இருந்தது.

"தண்ணிக்குக்கூடப் பிச்சை கேக்கணுமா சீஃப்? ஒருத்தன் கேக்காமலே இருந்துட்டா?"

"கேக்காதவனைத்தான் போய்ப் பாக்கணும்."

மேசையில் இன்னும் இரண்டு பாட்டில்கள் மிச்சமிருந்தன. ஒன்றில் நாயகம் என்றும் மற்றதில் அமலி என்றும் எழுதியிருந்தது. நாயகம் தன்னுடையதை எடுத்துத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டான்.

"உங்களோடதை யார்கிட்ட குடுக்கப் போறீங்க?" என்றார் அமலி.

"நான் வேலை செய்யப் போகலையே சீஃப். வாசல்லதான் நிக்கப் போறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலே கேப்டன் அறையிலிருந்து போன் வந்துவிட்டது.

வேலை தொடங்கியது. நாயகம் வெப்பமானியை அறைக்குள் மாட்டினான். பெரிய மின்விசிறி ஒன்று துணிக்குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே போன காற்று, அறையின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு, இருந்த ஒரே வாசல் வழியாக வெளியேறியது. அந்த வாசலில்தான் நாயகம் நின்றான். அவன் நின்ற இடத்தில் மீட்டர் இல்லை.

அவன் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தான். நேரத்துக்கு விசில் ஊதினான். நூர்தீனும் கொளஞ்சியும் வெளியே வந்து குளிர்ந்த அறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். மறுபடி விசில். மறுபடி போனார்கள், வந்தார்கள். அவன் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. காவல்காரன் எப்படி அசைவது?

"பாய், தண்ணி."

"நேத்து என்னப்பா சாப்பாடு?"

"உப்பு. கூடக் கொஞ்சம் சுறாப்புட்டு."

உள்ளே அவர்கள் சிரிப்பது கேட்டது. நாயகத்துக்கு அந்தச் சிரிப்பு வெகு தூரத்தில் இருப்பது போல இருந்தது. தன்னிடம் யாரும் தண்ணீர் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. தான் யாரிடம் கேட்பது என்று இன்னொரு நினைப்பு வரப்பார்த்தது. அதை அவன் வரவிடவில்லை. பாட்டில் தோளில் நிறைந்தபடியே தொங்கியது. தாகம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது.

பிறகு சுகமாக இருந்தது. சூடு குறைந்துவிட்டது போலவும், பரங்கிப்பேட்டை ஆற்றுமுகத்தில் மார்கழிக் காற்றில் நிற்பது போலவும் இருந்தது.

வெளியே வந்த கொளஞ்சி அவன் கையைப் பார்த்தான்.

"செகண்ட் சார், கையெல்லாம் ஏன் இப்படி மயிர்க்கூச்செடுத்து நிக்குது?"

"ஃபேன் காத்து."

ஃபேன் உள்ளே பார்த்து வீசிக்கொண்டிருந்தது.  கொளஞ்சி நூர்தீனை நாயகத்தின் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு சீஃபை அழைக்க ஓடினான்.

அமலி வந்தார். நாயகத்தின் எதிரே, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றார். இந்தக் கப்பலில் அவ்வளவு பக்கத்தில் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

"நாயகம், நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இது தெரியாதா? வாயைத் திறந்தான். தட்டு ஞாபகம் வந்தது. எல்லோரும் சிரித்தது ஞாபகம் வந்தது. தட்டில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை. அவன் தேடிப் பார்த்தான். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அமலியின் முகம் மாறுவதைக் கண்டு அவருக்குச் சமாதானம் சொல்ல நினைத்தான்.

"நல்லாயிருக்கேன் சீஃப்," என்றான்.

அப்படியே கால் மடங்கியது. நூர்தீன் தாங்கிக்கொண்டார்.

குளிர்ந்த அறைக்குத் தூக்கிப் போனார்கள். உடையைத் தளர்த்தினார்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தார்கள். கொளஞ்சி அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தான். கேப்டன் ரேடியோவில் மருத்துவரைப் பிடித்தார். நினைவு தெளிந்த பிறகு உப்புச்சர்க்கரை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

நாயகம் கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"சுறாப்புட்டு," என்றான்.

கொளஞ்சி சிரித்தான். சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மீட்டர் சாருக்காக ஒருவன் கண் கலங்குவான் என்று நாயகம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மற்றவர்கள் போனபின் அமலி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேயே உங்க பாட்டிலை நான் புடுங்கியிருக்கணும்," என்றார். "விட்டது என் தப்பு."

நாயகம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"சீஃப்."

"சொல்லுங்க."

"கடைசியா நான் என்ன சொன்னேன்?"

"நல்லாயிருக்கேன்னு சொன்னீங்க."

அமலி ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி அவன் கழுத்தில் வைத்தார்.

"நீங்க சொன்னது பொய்யா, நாயகம்?"

 அவன் இல்லை என்று தலையசைத்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, செல்லக்கண்ணுவுக்காக அன்றுதான் முதல்முறையாக அழுதான். அமலி எழுந்து போகவில்லை. அழாதீர்கள் என்று சொல்லவுமில்லை.

அவன் தேறி எழுந்து வேலைக்கு வர மூன்று நாளாயிற்று. குழாய் வேலை இன்னும் பாக்கி இருந்தது. நூர்தீனும் கொளஞ்சியும் பாட்டில்களை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மின்விசிறியை இப்போது வேறு பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். வெப்பமானி இரண்டாகியிருந்தது. ஒன்று உள்ளே, ஒன்று வாசலில்.

நாயகம் மேசைக்கு வந்தான். அவன் பெயர் எழுதிய பாட்டிலைக் காணோம். நிமிர்ந்து பார்த்தான். அது அமலியின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேசையில் மிச்சமிருந்தது ஒரே பாட்டில். அமலி என்று எழுதியது. முதல்நாள் எங்கே பார்த்தானோ அங்கேயே இருந்தது. அவன் அதைக் கையில் எடுத்தான். அவர் இந்தக் கப்பலுக்கு வந்து பல மாதமாயிற்று என்பது நினைவுக்கு வந்தது. அவரும் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்பதை அப்போதுதான் கவனித்தவன் போல நின்றான்.

"இதுவரைக்கும் உங்களை யார் பாத்துக்கிட்டாங்க, சீஃப்?"

 அமலி வியர்த்திருந்த முகத்தைத் துடைக்காமல் அவன் எதிரே வந்து நின்று கையை நீட்டினார்.

"தாகமா இருக்கு, நாயகம். முதல்ல என் மூஞ்சியப் பாருங்க. பெறவு குடுங்க."