உமையாள் உரைத்த இடம்

முன்னொரு காலத்தில் மணலூர் நாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். தம் வாயிலிருந்து தவறான சொல் வந்ததே இல்லை என்பது அவருடைய எண்ணம். ஒருநாள் இன்று மழை வராது என்று சொல்லிவிட்டார். கொட்டுகிற மழையில் சபை முழுவதும் நனைந்து நின்று, நல்ல வெயில் என்று தலையாட்டியது.

அந்த அரண்மனையில் நகை சோதிக்கிற வேலை உமையாளுடையது. ஆசாரிகள் செய்து கொண்டுவரும் நகையை அவள் உரைகல்லில் தேய்ப்பாள். விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்துப் பொன்னின் தரமான மாற்றைச் சொல்வாள். அவள் சரி என்றால் அரண்மனை முத்திரை விழும். இல்லையென்றால் நகை உலைக்குத் திரும்பும்.

அரண்மனை ஆசாரி கோலப்ப பத்தர் இளவரசிக்கு ஓர் ஒட்டியாணம் செய்து கொண்டுவந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் சோதித்தாக வேண்டும் என்று அரசர் அவசரப்படுத்தினார். முகப்பில் கீறல் விழக் கூடாதென்று உமையாள் வழக்கம்போல் உட்புறமாகத் தேய்த்தாள். கோடு செம்மை பாய்ந்து விழுந்தது. மாற்றுக் குறைவு என்றாள்.

குறைந்த பொன் செய்தவன் நாட்டைவிட்டுப் போகட்டும் என்றார் அரசர். பத்தர் வாய் திறந்து ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுக்காததையே குற்றத்துக்குச் சாட்சியாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், உமையாள் உட்பட. பொக்கிஷ அதிகாரி நாகலிங்கம் அன்றைக்கே தன் மைத்துனனைப் பத்தரின் இடத்தில் உட்கார வைத்தார். அரசர் உலைக்குப் போகச் சொன்ன ஒட்டியாணத்தை, அழகாக இருக்கிறதென்று இளவரசி அழுது வாங்கி வைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து அது உடைந்து உமையாளிடமே வந்தது. உடைந்த விளிம்பைத் திருப்பினாள். தான் அன்று தேய்த்த தழும்பு, ஒட்டியாணத்தின் இரண்டு துண்டையும் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதிச் சேர்த்த இணைப்பின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பொடியில் செம்பு கலந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது உருகுவதற்குள் நகையே உருகிவிடும். இணைப்பில் உரைக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். பத்தர் இணைப்புத் தெரியாமல் அத்தனை நேர்த்தியாக இழைத்திருந்தார். அந்த நேர்த்தியே அவருக்கு வினையாகிவிட்டது.

நான்கு விரல் தள்ளி மறுபடி தேய்த்தாள். கோடு மஞ்சளாக விழுந்தது. பத்தரை மாற்றுப் பொன்.

அன்று முழுவதும் அவள் வேறு நகையைத் தொடவில்லை. முன்பு வேறொரு தீர்ப்பு தவறு என்று அரசரிடம் நேராகச் சொன்ன கணக்கர் ஒருவர் யானைக்கொட்டிலில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். சாணம் அள்ள அவளுக்குத் தயக்கமில்லை. ஆனால் அங்கே போய்விட்டால் பத்தரை எப்படித் திரும்ப அழைப்பது?

வாய்ப்பை நாகலிங்கமே தந்தார். உமையாளின் உத்தியோகத்தையும் தன் வீட்டாருக்கு வாங்க அவர் வெகுநாளாகக் குறிவைத்திருந்தார்.

"கல்லில் ஓர் இழுப்பு, கண்ணால் ஒரு பார்வை. இதற்கு ஓர் உத்தியோகமா மகாராஜா? என் வீட்டுப் பூனைகூடச் செய்யும்" என்றார் சபையில்.

"பூனைக்கு எதற்குச் சிரமம்? நாளை நீங்களே வந்து செய்யுங்கள் ஐயா" என்றாள் உமையாள்.

அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. ஜெயித்தவர் கேட்டது கிடைக்கும், தோற்றவருக்கு யானைக்கொட்டில் என்று அறிவித்தார்.

மறுநாள் உமையாள் பட்டுத்துணியில் பொதிந்த ஒரு பொருளைக் கொண்டுவந்தாள். ஒரு விரல் அகலம்தான் வெளியே தெரிந்தது. நாகலிங்கம் அதைத் தேய்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"செம்புக் கலப்பு. இதைச் செய்தவன் திருடன். இதைப் போட்டுக்கொள்கிறவன் முழு மூடன்."

உமையாள் துணியை விலக்கினாள். மெருகு போட வந்திருந்த அரசரின் மகுடம். அரசரின் கை தானாகத் தன் வெறுந்தலையைத் தடவியது. சபையோர் ஆளாளுக்கு இருமினார்கள்.

அவள் மகுடத்தின் முன்புறத்தை உரைத்தாள். பளிச்சென்ற மஞ்சள். நாகலிங்கம் உரைத்த இடம் இணைப்பு என்று காட்டி, அங்கே ஏன் செம்பு இருக்கிறது, ஏன் உரைக்கக் கூடாது என்று விளக்கினாள். அரசருக்கு உயிர் வந்தது. நாகலிங்கத்தைக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இப்படி ஒரு மடத்தனத்தை உலகத்தில் வேறு யாராவது செய்வார்களா?"

"நான் செய்தேன், மகாராஜா."

ஒட்டியாணத்தை அவர்முன் வைத்து நடந்ததைச் சொன்னாள். அரசரின் சிரிப்பு நின்றது.

"அப்படியென்றால் என் தீர்ப்பு?"

"குறைந்த பொன் செய்தவன் போகட்டும் என்றீர்கள். அதில் பிழையில்லை. பத்தர் குறைந்த பொன் செய்யவில்லை, அதனால் உங்கள் சொல் அவரைத் தொடவே இல்லை. அவரை விரட்டியது என் சொல். அவரைத் திரும்பக் கொடுங்கள். நான் கேட்பது அதுதான்."

அரசர் இதை இரண்டு தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். இனிப்பாகவே இருந்தது. பல்லக்கும் பட்டும் கொடுத்து அவளையே போய்ப் பத்தரை அழைத்துவரச் சொன்னார். என்ன புத்தி, என்ன புத்தி என்று சபை மெச்சியது. உமையாளுக்கு அங்கே நிற்கக் கூசியது.

எல்லைக்கு அப்பால் ஒரு சந்தையில் கோலப்ப பத்தர் செம்புப் பானைகளுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தார். அவள் ஒட்டியாணத்தைக் கொடுத்து, இணைப்பில் உரைத்துவிட்டதைச் சொன்னாள். அவர் இரண்டு தழும்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை, பத்தரே?"

"சொன்னது நீங்களாயிற்றே அம்மா. உங்கள் கண் தப்பாது. என் உலையில்தான் ஏதோ கலந்துபோயிற்று என்று இருந்துவிட்டேன்."

பல்லக்கைக் காட்டினாள். அவர் மறுத்துத் தலையசைத்தார். "மூன்று வருஷம் இந்தக் கையை நானே நம்பவில்லை. இனி இதில் பொன்னை வைத்தால் நடுங்கும்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கோபமே படவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று, தான் ஈயம் பூசிய செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடித்து முடித்தாள். பழக்க தோஷம், செம்பைச் சாய்த்து உட்புறத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

பத்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.