ஓசிச் சவாரி

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஓசி என்ற சொல்லே ஆகாது.

திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் கை நனைத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், அந்த டீ ஆறுவதற்குள் அவர்களுக்கு வடை வாங்கிக் கொடுத்துவிடுவார். கொடுப்பதில் அத்தனை தாராளம். வாங்குவதில்தான் கஞ்சத்தனம்.

ஐம்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அண்ணாச்சி சைக்கிள் வாங்கினார். மைதானத்தில் அவர் ஓட்டுகிற அழகைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கை காட்டி நிறுத்தினாள்.

"சீட்ட ஏத்துங்க அண்ணாச்சி. இப்படி ஓட்டுனா முட்டி போயிரும்."

அவள் பெயர் ஜெபசீலி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அண்ணாச்சியின் மூத்த மகளைவிட இளையவள். சீட்டை ஏற்றினார், முட்டி வலி நின்றது. அன்றோடு அந்தப் பெண் அவருக்கு டீச்சர் ஆனார். நமக்கும் இனி டீச்சர்தான்.

"சின்னப் பிள்ளையப் போயி குருங்கியளே" என்று கடையில் சிரித்தார்கள்.

"தெரிஞ்சவிய சொல்லுதாவ, தெரியாதவன் கேக்கேன். இதுல வயசு எங்கல வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பாடத்தையும் அவர் ஓசியாக வைத்துக்கொள்ளவில்லை. டீச்சர் பணம் வாங்க மறுத்ததும், அவர் பள்ளிக்கூடத்து வாசலில் எவர்சில்வர் தண்ணீர் டிரம்கள் வந்து இறங்கின.

ஆடி மாதம் ஒரு ராத்திரிச் சவாரி உண்டு. மாலையில் மதுரையில் கிளம்பி, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு பித்தளைப் பதக்கம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே பதக்கம்தான்.

அண்ணாச்சி இரண்டு வருஷம் கிளம்பி, இரண்டு வருஷமும் முப்பந்தலில் தோற்றார். மலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் புகுந்து அங்கே காற்று வரும். அந்த வட்டாரம் முழுக்கக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மாவா? ஆடியில் அந்தக் காற்று ஆளை நிறுத்தி வைத்து விசாரிக்கும். இரண்டு முறையும் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்.

"மூணாவது வாட்டியும் முடியலன்னா சைக்கிள வித்துருவேன்" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன். அதனால் அவருக்கே உள்ளுக்குள் உதறல்.

மதுரையில் கிளம்புமுன் கேட்டார்.

"டீச்சர், எதிர்க்காத்த ஜெயிக்கது எப்படி?"

"நெழலுக்கு வாங்க அண்ணாச்சி."

இது வெயிலுக்கு ஒதுங்குகிற நிழல் இல்லை. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குப் பாதிக் காற்றுதான் மிஞ்சும். அந்த இடத்துக்குப் பெயர் நிழல். கொஞ்ச தூரம் போனதும் ஆள் மாறிக்கொள்வார்கள்.

முன்னால் போக அண்ணாச்சி தயங்கியதே இல்லை. ஆனால் தன் முறை முடிந்ததும் பின்னால் வர மாட்டார். பக்கவாட்டில் விலகி, முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு தனியாக ஓட்டுவார்.

"அது ஓசிச் சவாரி டீச்சர். அடுத்தவன் மிதிப்பான், நான் ஒளிஞ்சிக்கிட்டுப் போவணுமா? வேற வழி சொல்லுங்க."

டீச்சர் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டார்.

கூட வந்த மூன்றாவது ஆள் சாகுல். மேலப்பாளையத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். ஒரு வெள்ளத்தில் அந்தக் கடை மூழ்கியபோது, அண்ணாச்சி தன் கிடங்கைத் திறந்துவிட்டு, மெஷின்களைப் போட்டுத் தைக்கச் சொன்னார். நன்றிக்காக சாகுல் ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்தார். அண்ணாச்சி கூலியைக் கையில் திணித்துவிட்டுத்தான் சட்டையை வாங்கினார். சாகுல் அன்றைக்கு முகம் வாடித் திரும்பிப் போனார்.

கோவில்பட்டி வரை பேச்சும் கேலியுமாகப் போனது. திருநெல்வேலியைத் தாண்டும்போது மூவருக்கும் வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்தது. வள்ளியூர் போனது. காவல்கிணற்றில் சாலை மேற்கே திரும்பியது.

காற்று அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

இருட்டில் காற்றாலைகள் உறுமின. சாகுல் முன்னால் போனார். அவர் பின்னால் டீச்சர். அண்ணாச்சி வழக்கம்போலப் பக்கத்தில், தனியாக.

"நெழலுக்கு வாங்க அண்ணாச்சி!" என்று கத்தினார் சாகுல்.

"நீ போ சாகுலு!"

"ஒரு ரெண்டு நிமிசம் வாங்க!"

"போன்னு சொல்லுதேன்ல!"

தொடை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். போன வருஷம் வேனில் ஏறிய இடம் வந்தது. கால் தானாகத் தரையைத் தேடியது.

"முப்பந்தல் இசக்கி, காப்பாத்து தாயே" என்று முனகினார். உடனே ஒரு பொங்கலையும் நேர்ந்துகொண்டார். அம்மனிடமும் ஓசி கிடையாது.

அம்மன் காற்றை நிறுத்தவில்லை. சைக்கிளை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவர் நினைத்த நேரத்தில், டீச்சர் அவர் பக்கமாக வந்தார்.

"அண்ணாச்சி, எனக்குக் கெண்டக்கால் புடிச்சிட்டு. கொஞ்சம் நெழல் குடுப்பியளா?"

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சருக்கா? டீச்சர் கேட்கிறாரா?

"இதெல்லாம் கேக்கணுமா டீச்சர்? வாங்க, பின்னால வாங்க!"

இறங்கப் பார்த்த கால் எங்கிருந்து மிதித்ததோ தெரியாது. சாகுல் பக்கவாட்டில் ஒதுங்கி வழி விட்டார். டீச்சரைப் பின்னால் விட்டுக்கொண்டு அண்ணாச்சி காற்றுக்குள் தலையைத் தாழ்த்தி நுழைந்தார். "குழி!" என்று கத்தினார். "கல்லு! இடது பக்கம் ஒதுங்குங்க!" தன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பத்திரமாக வருகிறார் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. முப்பந்தல் காற்றில் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

ஆனால் சந்தோஷம் எவ்வளவு தூரத்துக்கு மிதிக்கும்? ஒரு மேட்டில் மூச்சு இரைத்தது. சைக்கிள் தள்ளாடியது. திரும்பிப் பார்த்தார். டீச்சரின் விளக்கு அவருடைய சக்கரத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. தான் நின்றால் டீச்சரும் நிற்க வேண்டியதுதான்.

ஒரு நிமிஷம் வாயை இறுக மூடிக்கொண்டு மிதித்தார். பிறகு திறந்தார்.

"சாகுலு! முன்னால வா!"

பக்கத்தில் வந்த சாகுலுக்குக் காதை நம்ப முடியவில்லை. "என்ன அண்ணாச்சி?"

"முன்னால வாடே! என்னால முடியல. டீச்சர் நிக்கக் கூடாது. எங்க ரெண்டு பேரையும் நீ கூட்டிட்டுப் போ!"

சாகுல் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். இரண்டே மிதியில் முன்னால் வந்துவிட்டார்.

காற்று சட்டென்று அடங்கியது. இசக்கி கண் திறந்துவிட்டாள் என்றுதான் அண்ணாச்சி நினைத்தார். நிமிர்ந்து பார்த்தால், சாகுலின் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று எங்கேயும் போகவில்லை. முழுவதையும் சாகுல் வாங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. காற்றின் மேல் பழி போடவும் வழியில்லை. அவர் முகத்தில் காற்றே படவில்லை.

"சரியா வாரியளா அண்ணாச்சி?"

"வாரேன்டே. நீ போ. உன் பின்னாலயே வாரேன்."

அப்புறம் மாறி மாறிப் போனார்கள். சாகுல், அண்ணாச்சி, மறுபடி சாகுல். எப்போது டீச்சரும் முன்னால் வந்து தன் முறையை மிதிக்கத் தொடங்கினார் என்பதை அண்ணாச்சி கவனிக்கவில்லை. ஆரல்வாய்மொழி பின்னால் போனது. தோவாளைச் சந்தையிலிருந்து பிச்சிப்பூ வாசம் வந்தது. நாகர்கோவிலில் விடிந்தது. சுசீந்திரம் தாண்டியதும் மூவரும் ஒரே சத்தமாகக் கத்திக்கொண்டு போனார்கள். ரோட்டோரம் பால் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எட்டு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கடல் தெரிந்தது.

கைதட்டினார்கள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி தன் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கடலைப் பார்த்து, "ஜெயிச்சாச்சுல!" என்று ஒரு கத்துக் கத்தினார். சுற்றுலா வந்திருந்த யாரோ அவரைப் படம் எடுத்தார்கள். இன்னொரு தடவை கத்தச் சொன்னார்கள். கத்தினார்.

ஆர்ப்பாட்டம் ஓய்ந்ததும் அண்ணாச்சி டீச்சருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் சப்பணம் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவருடைய காலையே பார்த்தார்.

"டீச்சர், நெசமாவே கெண்டக்கால் புடிச்சுதா?"

டீச்சர் அங்கே பாருங்கள் என்று தாடையை நீட்டினார்.

கொஞ்சம் தள்ளி, கைப்பிடிச் சுவரோரம் நின்று சாகுல் மனைவியிடம் போன் பேசிக்கொண்டிருந்தார். அலைச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்டது.

"நூரு, கேக்குதா? அண்ணாச்சி என் பின்னால வந்தாவ! ஆமா, முப்பந்தல்ல! நம்ம ஆவுடையப்பன் அண்ணாச்சிதாம்மா! 'முன்னால வா, கூட்டிட்டுப் போ'ன்னு அவியளே கூப்புட்டாவ! நான் கூட்டியாந்துட்டேன் நூரு, நாந்தான் கூட்டியாந்தேன்!" சொல்லிக்கொண்டே அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

அண்ணாச்சி பதக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா சாகுல் அண்ணன இந்த ஒரு போன் பேச விடாம வச்சிருந்தியளே, அண்ணாச்சி" என்றார் டீச்சர்.